ஏழையின் உடம்பும் பழகும் கையும்

(வாசகசாலைக் கூட்டமொன்றில் பேசியது)



இன்றைய தினம் நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் உங்களில் அநேகருக்குப் புதிதாகத் தோன்றலாம். வைத்தியக் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கும், நர்ஸ் உத்தியோகத்துக்குப் படிக்கும் பெண்களுக்கும், 'வர்ச்சுவல் ரியாலிட்டி' என்று சொல்லப்படுகிறதும், தமிழில் மெய்நிகர்க் காட்சி என்று வழங்குவதுமான ஒரு கருவியைக் கொண்டு தொழில் கற்றுக் கொடுக்கலாமா, அதனால் யாருக்கு என்ன லாபம் என்பதே அவ்விஷயமாகும். "இது டாக்டர்கள் கூடிப் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, இதில் நமக்கென்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். உடம்பைக் கொண்டுபோய் டாக்டர் கையில் ஒப்படைக்கிறவர்கள் நாம்தானே? அந்தக் கை முதன் முதலில் எதன் மேல் பழகிற்று என்று கேட்க நம்மைவிடப் பாத்தியதை உள்ளவர்கள் வேறு யார்?

எந்தத் தொழிலும் பழகித்தான் வரவேண்டும். அதில் யாருக்கும் ஆட்சேபணை இருக்க நியாயமில்லை. தச்சுவேலை பழகுகிறவன் முதலில் கழிவுக் கட்டையில்தான் உளியை வைக்கிறான். தையல் பழகுகிற பையனுக்கு முதலில் கிழிந்த துணியைத்தான் கொடுக்கிறார்கள். கட்டை பிளந்துபோனால் அடுப்புக்கு ஆகும். துணி கெட்டுப்போனால் கரித்துணிக்கு ஆகும். வைத்தியம் பழகுகிறவனுக்குக் கழிவுக் கட்டை எது? இந்தக் கேள்வியை வெகுகாலமாக யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமலே ஒரு பதில் மட்டும் நடைமுறையில் இருந்து வந்திருக்கிறது. தர்ம ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஏழையின் உடம்பு என்பதுதான் அந்தப் பதில்.

பணக்காரர் வீட்டுப் பிரசவத்தைக் கற்றுக்குட்டி பார்ப்பதில்லை. ஏழைப் பெண்ணின் கட்டிலைச் சுற்றித்தான் பத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் நாம் கண்ணால் பார்த்ததைச் சொல்லுகிறோம். காய்ச்சலில் கிடந்த ஒரு கிழவிக்கு நரம்பில் ஊசி ஏற்ற வேண்டியிருந்தது. பழகும் பிள்ளை ஒருவர் நாலு இடத்தில் குத்தினார், நரம்பு கிடைக்கவில்லை. ஐந்தாவதாக மூத்த நர்ஸ் அம்மாள் வந்து ஒரே குத்தில் ஏற்றிவிட்டுப் போனார். கிழவி அழவில்லை. "பிள்ளை படிக்க வேண்டாமா, குத்தட்டும்" என்றாள். அந்தக் கிழவியின் பெருந்தன்மையை நாம் குறைத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பெருந்தன்மையைக் காட்ட வேண்டிய நிர்ப்பந்தம் பணம் கட்டிப் படுக்கிறவருக்கு ஏன் இல்லை என்று கேட்கிறோம். அந்தப் பிள்ளையின் மேலும் நமக்குக் கோபமில்லை. அவர் அந்த நாலு குத்தையும் வேறு எங்கே போய்க் குத்தியிருக்க முடியும்? அதற்கு ஓர் இடம் செய்து வைக்காதவர்கள் மேல்தான் நமது குறை.

நிற்க, இது நம் நாட்டுக்கு மாத்திரம் உள்ள சங்கதியென்று எண்ணிவிடாதீர்கள். ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரத்தில் 1828ஆம் வருஷத்தில் பர்க், ஹேர் என்ற இருவர் 16 பேரைக் கொன்று, அந்தப் பிரேதங்களை ராபர்ட் நாக்ஸ் என்ற உடற்கூறு வாத்தியாருக்கு விலைக்கு விற்றார்கள். அறுத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கப் பிரேதம் கிடைக்காத காலம் அது; ஆகையால் நல்ல விலை கிடைத்தது. செத்தவர்கள் அநேகமாய்க் கேட்பாரற்ற ஏழைகள். பர்க்கை 1829இல் தூக்கில் போட்டார்கள். 1832இல் இங்கிலாந்து சர்க்கார் ஒரு சட்டம் செய்தது. அதன்படி, ஏழை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் செத்து, உரிமை கொண்டாட ஆளில்லாமல் கிடக்கும் பிரேதங்களை வைத்தியப் பள்ளிகள் எடுத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. பிரேதத்துக்காகக் கொலை செய்வது நின்றது, வாஸ்தவம். ஆனால் மேஜை மேல் கிடந்தது யார்? முன்னேயும் ஏழை, பின்னேயும் ஏழை.

இதனால் பிரேதத்தை அறுப்பதே தப்பு என்று நாம் சொல்லுவதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அறுத்துப் பார்க்காமல் வைத்தியம் ஓர் அடிகூட நகர்ந்திருக்காது. காலன் என்ற கிரேக்க வைத்தியர் மிருகங்களை அறுத்துப் பார்த்துவிட்டு, மனிதனுக்குக் கீழ்த்தாடை இரண்டு எலும்பு என்று எழுதி வைத்தார். ஆயிரம் வருஷத்துக்கு மேல் ஐரோப்பா முழுவதும் அதையே ஒப்பித்துக்கொண்டிருந்தது. வெசாலியஸ் என்பவர் தாமே மனிதப் பிரேதங்களை அறுத்துப் பார்த்து, தாடை ஒரே எலும்புதான் என்றும், இன்னும் இப்படி எத்தனையோ தப்புகள் உண்டென்றும் 1543இல் புஸ்தகம் போட்டார். தன் முகவாயைத் தானே தடவிப் பார்க்கிற எவனுக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கலாம். ஆனால் பெரியவர் எழுதியது என்றால் தடவிப் பார்க்கக்கூடக் கை எழுவதில்லை! நம் தேசத்தில் பிரேதத்தைத் தொட்டால் தீட்டு என்று இருந்த காலத்தில், 1836இல் கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் மதுசூதன் குப்தர் என்பவர் கத்தியை எடுத்து மனித உடலை அறுத்தார். அவர் சமஸ்கிருதமும் ஆயுர்வேதமும் படித்த பண்டிதர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அன்று அவர் தீட்டுக்குப் பயந்திருந்தால் இந்நாட்டு மாணவர்கள் பொம்மைப் படத்தைப் பார்த்தே டாக்டராகியிருப்பார்கள்.

ஆனால் பிரேதத்தில் ஒரு குறை உண்டு. அதில் ரத்தம் பாயாது; மூச்சு திணறாது; பிள்ளை பிறக்காது. ஆகவே கடைசியில் உயிருள்ள உடம்பின் மேல்தான் பழக வேண்டியதாகிறது. இதற்கு ஒரு வழியை முதலில் கண்டவர்களில் ஒருவர் ஒரு மருத்துவச்சி. பிரான்ஸ் தேசத்தில் மதாம் து கூத்ரே என்ற அம்மாளை 1759இல் ராஜா பதினைந்தாம் லூயி, நாட்டுப்புறத்துப் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கக் கற்றுக் கொடுக்கும்படி அனுப்பினார். எழுத்தறியாத பெண்களுக்குப் புஸ்தகத்தைக் கொடுத்து என்ன பிரயோஜனம்? அந்த அம்மாள் துணியையும் தோலையும் கொண்டு ஒரு பெண்ணின் இடுப்பும் வயிறும் செய்து, உள்ளே ஒரு துணிப் பிள்ளையையும் வைத்து, தலை கீழாக வந்தால் எப்படி, கால் முன்னே வந்தால் எப்படி என்று அந்தப் பெண்களின் கையாலேயே திருப்பிப் பார்க்கச் செய்தார். ஊர் ஊராய்ச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பொம்மைகளில் ஒன்று ரூவான் நகரத்துக் காட்சிசாலையில் பத்திரமாக இருக்கிறது. துணிப் பிள்ளையின் கழுத்து திருகிப்போனால் தைத்துக்கொள்ளலாம் அல்லவா? இன்றைக்குப் பேசுகிற விஷயம் முழுவதற்கும் ஆதாரம் அந்தத் துணிப் பிள்ளைதான்.

ஆகாய விமானக்காரர்களுக்கும் இதே புத்தி வந்தது. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929இல், தரையிலேயே ஆடி அசைந்து, விமானம் ஓட்டுவது போலப் பழகும் ஒரு பெட்டியைச் செய்தார். முதலில் அதை வேடிக்கைச் சாமானாகத்தான் பார்த்தார்கள். 1934இல் அமெரிக்கப் பட்டாளத்து விமானிகளைத் தபால் கொண்டுபோகச் சொன்னபோது, மழையிலும் பனியிலும் வழி தெரியாமல் பலர் விழுந்து செத்தார்கள். அதன் பிறகுதான் பட்டாளத்தார் அந்தப் பெட்டியை விலை கொடுத்து வாங்கினார்கள். இன்று பெட்டியில் பழகித் தேறாத எவனையும் ஜனங்கள் ஏறும் பெரிய விமானத்தை ஓட்ட விடுவதில்லை. விமானத்தில் ஏறுகிறவர்கள் காசுள்ளவர்கள். அதனால் சட்டம் சீக்கிரம் வந்துவிட்டது போலும்!

இப்பொழுது மெய்நிகர்க் காட்சிக்கு வருவோம். அது மந்திரமுமல்ல, கண்கட்டுமல்ல. தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் கண்ணுக்கொன்றாக இரண்டு படம் ஓடுகிறது. நம் இரண்டு கண்ணும் ஒரே பொருளைக் கொஞ்சம் வித்தியாசமான இரண்டு பக்கத்திலிருந்து பார்க்கின்றன; ஒரு கண்ணை மூடி மற்றொரு கண்ணைத் திறந்து விரலைப் பார்த்தால் விரல் நகருவதைக் காணலாம். அந்த வித்தியாசத்தைக் கொண்டுதான் மூளை தூரத்தையும் ஆழத்தையும் அறிந்துகொள்கிறது. பெட்டிக்குள் இருக்கும் இரண்டு படத்திலும் அதே வித்தியாசத்தை வைத்துவிட்டால், தட்டையான படம் ஆழமுள்ளதாகத் தோன்றுகிறது. தலையைத் திருப்பினால், அதைக் கணக்கிட்டுப் படமும் திரும்புகிறது. கையில் பிடித்திருக்கும் கருவி படத்துக்குள் கத்தியாகவோ ஊசியாகவோ தெரிகிறது. ஐவான் சதர்லாந்து என்பவர் 1968இல் இப்படி ஒன்றைச் செய்தபோது, அதன் கனம் தாங்காமல் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. இன்று ஒரு நல்ல செல்போன் வாங்கும் விலையில் கிடைக்கிறது.

இதைக் கேட்டவுடனே நம் பண்டிதர்கள் சிலர், "இதென்ன புதுமை! குருக்ஷேத்திர யுத்தத்தை அரண்மனையில் இருந்தபடியே சஞ்சயன் பார்க்கவில்லையா?" என்று கிளம்பிவிடுவார்கள். வேதாந்திகளோ, "உலகமே மாயை என்று நாங்கள் அப்போதே சொன்னோமே" என்பார்கள். சஞ்சயன் பார்த்தது மெய்யானால் அந்தக் கருவியின் கணக்கு எங்கே? அதைக் கொண்டு இந்நாட்டில் ஒரு மருத்துவச்சிக்காவது குறுக்கே கிடக்கும் பிள்ளையைத் திருப்பக் கற்றுக் கொடுத்தார்களா? யுத்தத்தைப் பார்க்க ஞானதிருஷ்டி இருந்தது. பிரசவத்தில் செத்த பெண்களைப் பார்க்க மட்டும் ஒருவருக்கும் திருஷ்டி இல்லை.

அது கிடக்கட்டும். கருவி நல்லதா என்பதற்கு அதை விற்கிறவன் சொல் சாட்சியாகாது, சோதனைதான் சாட்சி. 2002இல் அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையில் நடந்த சோதனையை முதலில் சொல்லுவோம். அதில் இருந்தது தலையில் மாட்டும் பெட்டியல்ல, கைக்கருவிகளும் திரையும் கொண்ட முந்திய வகை. இரண சிகிச்சை பழகும் 16 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான பயிற்சி. மறு பாதிக்கு அதோடு இந்த யந்திரத்திலும், கைதேர்ந்தவர்களின் அளவை எட்டும் வரை பயிற்சி. பிறகு எல்லோரும் உண்மையான நோயாளிக்குப் பித்தப்பையை ஈரலிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதைப் படம் பிடித்து, யார் எந்தப் பாதி என்று தெரியாத ஆட்களிடம் கொடுத்துத் தப்புகளை எண்ணச் சொன்னார்கள். யந்திரத்தில் பழகியவர்கள் 29 சதவிகிதம் விரைவாக முடித்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, சுடக்கூடாத இடத்தைச் சுட்டுவிடவோ 5 மடங்கு அதிக ஹேது இருந்தது. யார் என்று தெரியாமல் எண்ணச் சொன்னார்களே, அதைக் கவனியுங்கள். எந்த ஜோசியனாவது, எந்த மந்திரவாதியாவது தன் வித்தையை இப்படி ஒரு சோதனைக்கு விட்டதுண்டா?

2009இல் டென்மார்க்கில் 24 இளம் டாக்டர்களைக் கொண்டு நடந்த சோதனை இன்னும் முக்கியமானது. கருக்குழாயை எடுத்துவிடும் ஆபரேஷன் அது. இங்கும் திரையுள்ள யந்திரம்தான். யந்திரத்தில் பழகியவர்களுக்கு இடைநிலைக் கணக்கில் 12 நிமிஷத்தில் முடிந்தது. பழகாதவர்களுக்கு அதே கணக்கில் 24 நிமிஷம் ஆயிற்று. பழகியவர்களுடைய கைத்திறமை, ஏற்கெனவே 20 முதல் 50 ஆபரேஷன் வரை செய்தவர்களின் திறமைக்குச் சமமாக இருந்தது. மற்றவர்களுடையது 5 ஆபரேஷன்கூடச் செய்யாதவர்களின் திறமையாக இருந்தது. இதன் அர்த்தத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தத் திறமை வருவதற்குக் குறைந்தது இருபது வயிறு வேண்டியிருந்தது. இருபது தாய்மாரின் வயிறு! அந்த இருபதுக்குப் பதிலாக ஒரு யந்திரம் நின்றது.

தலையில் மாட்டும் பெட்டிக்கும் சோதனை உண்டு. 2020இல் கலிபோர்னியா சர்வகலாசாலையின் லாஸ் ஏஞ்சலீஸ் கல்லூரி மாணவர்களில் சிலர், முறிந்த கீழ்க்கால் எலும்புக்குள் கம்பி செலுத்தும் முறையைப் பெட்டியில் பழகினார்கள். மற்றவர்கள் புஸ்தகத்தைப் படித்தார்கள். பிறகு செயற்கை எலும்பில் செய்து காட்டச் சொன்னபோது, பெட்டியில் பழகியவர்கள் 63 சதவிகிதப் படிகளைச் சரியாகச் செய்தார்கள். புஸ்தகக்காரர்கள் 25 சதவிகிதம். சிறிய சோதனைதான். ஆனால் கையால் கற்க வேண்டியதைக் கண்ணால் மட்டும் படித்தால் என்ன ஆகும் என்பதை நன்றாகக் காட்டுகிறது. 2019இல் இப்படிப்பட்ட 31 சோதனைகளை, மொத்தம் 2,407 பேரைப் பற்றியவற்றை, ஒன்று சேர்த்துப் பார்த்தவர்கள், பழைய முறையைவிட அறிவில் ஓரளவும், கைத்திறமையிலும் முன்னேற்றம் காணப்படுகிறது என்று எழுதினார்கள். ஓரளவு என்ற சொல்லை நாம் விட்டுவிடக் கூடாது.

ஏனென்றால் மறுபக்கமும் உண்டு. மறுபக்கத்தை மறைக்கிறவன் பிரசாரகன் அல்ல, தரகன். 2017இல் ஆஸ்திரேலியாவில் 59 பேருக்கு மண்டையோட்டின் அமைப்பைச் சொல்லிக் கொடுத்தபோது, பெட்டியில் படித்தவர்களும், சாதாரணக் கைத்திரையில் படித்தவர்களும் பரீட்சையில் ஏறக்குறைய ஒன்றாகவே தேறினார்கள். பெட்டிக்காரர்களுக்குத் தலைவலியும், தலைச்சுற்றலும், கண் மங்கலும் அதிகமாக வந்தன. கண் "நடக்கிறோம்" என்கிறது. காதுக்குள் உள்ள சமநிலை உறுப்பு "உட்கார்ந்திருக்கிறோம்" என்கிறது. இந்த வழக்கில் மூளைக்கு மயக்கம் வருகிறது. 2019இல் வெளியான கோபன்ஹேகன் சோதனை ஒன்றில் 52 மாணவர்களுக்கு ஒரு சோதனைச்சாலைப் பாடம் நடத்தினார்கள். பெட்டிக்குள் படித்தவர்கள், அங்கேயே இருப்பது போல அதிகமாக உணர்ந்தார்கள். ஆனால் கற்றது குறைவு. தேர்த்திருவிழா பார்த்து வருகிறவனிடம் என்ன கற்றாய் என்று கேட்பது போலத்தான். கண்ணைக் கவருவதெல்லாம் கல்வியாகிவிடாது. கைக்கு வேலை உள்ள இடத்தில் இந்தக் கருவி உதவுகிறது. பெயரை மனப்பாடம் செய்யும் இடத்தில் இது வெறும் ஆடம்பரம். நமக்குத் தெரிந்தவரை இந்தச் சோதனைகளிலிருந்து பெறத்தக்க முடிவு இதுவே.

இன்னொரு விஷயம். பெட்டிக்குள் இருக்கும் உடம்பு ஒருவர் எழுதி வைத்த உடம்பு. காலனுடைய இரண்டு தாடையெலும்பு போல, எழுதினவருடைய தப்பும் அதற்குள் இருக்கும். சிவந்த தோலுக்காரர் செய்த பெட்டியில் படுத்திருப்பவரும் சிவப்பாகவே இருப்பார். அவருடைய தோலில் தடிப்பு சிவப்பாய்த் தெரியும். மூச்சுக் குறைந்தால் உதடு நீலமாய்த் தெரியும். நம் கறுத்த தோலில் அவை அப்படித் தெரிவதில்லை. வைத்தியப் புஸ்தகங்களுக்கே இந்தக் குற்றம் வெகுகாலமாய் உண்டு. அதை விலை கொடுத்துப் பெட்டிக்குள்ளும் வாங்கி வைக்க வேண்டுமா? பெட்டிக்குள் இருக்கும் நோயாளி இங்கிலீஷில்தான் முனகுகிறார். நம் ஜனங்கள் "அடிவயிறு பிசையுது", "நெஞ்சு படபடங்குது", "உடம்பு அசத்துது" என்று சொல்லுவதைப் புரிந்துகொள்ள அதில் எந்தப் பாடமும் இராது. நம் மாணவருக்கு வேண்டிய பெட்டியில் நம் ஜனங்கள் இருக்க வேண்டும். அதை நம்மவர்களே செய்ய முடியும்.

தொட்டுணர்ச்சியும் அதில் சரியாக வருவதில்லை. தோலைக் கடந்து ஊசி நரம்புக்குள் நுழையும்போது விரலுக்குத் தெரிகிற அந்தச் சிறு தளர்வைக் காட்டும் கருவிகள் உண்டென்றாலும், அவை விலை அதிகம். எல்லாவற்றுக்கும் மேல், பெட்டிக்குள் இருப்பவருக்கு வெட்கமில்லை. "அம்மா, வயிற்றைத் தொட்டுப் பார்க்கட்டுமா?" என்று அவரிடம் கேட்க வேண்டியதில்லை, கேட்காமல் துணியை விலக்கினாலும் அவர் கூசுவதில்லை. இந்தப் பழக்கத்தோடு வார்டுக்கு வருகிற பிள்ளை, கட்டிலில் இருப்பவரையும் படமாக நினைத்துவிடக்கூடும். ஆகவே பெட்டியால் மிச்சமாகிற நேரத்தைக் கட்டிலருகில் உட்கார்ந்து பேசக் கொடுக்க வேண்டும். அப்படிக்கில்லாமல் வாத்தியார் சம்பளத்தை மிச்சம் பிடிக்கப் பெட்டி வாங்குகிறார்கள் என்றால், அந்தப் பெட்டி வராமலிருப்பதே மேல்.

"நாங்களெல்லாம் இப்படியா படித்தோம்? நோயாளி மேல் பழகித்தானே பெரிய டாக்டரானோம்?" என்று சில மூத்த டாக்டர்கள் கேட்பார்கள். 1846இல் பாஸ்டன் நகரத்தில் ஈதர் கொடுத்து வலி தெரியாமல் ஆபரேஷன் செய்து காட்டும் வரையில், நாலு பேரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித்தான் காலை அறுத்தார்கள். அவர்களும் பெரிய டாக்டர்கள்தான். அதற்காக இன்று யாராவது மயக்க மருந்து வேண்டாம் என்பார்களா?

தோழர்களே! இந்தியாவில் 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வைத்தியப் பாடத்திட்டப்படி, ஒவ்வொரு வைத்தியக் கல்லூரியிலும் பொம்மைகளிலும் கருவிகளிலும் பழகும் திறன்கூடம் இருந்தாக வேண்டும். மெய்நிகர்ப் பெட்டி இருக்கிறதோ இல்லையோ, அந்தக் கூடம் திறந்திருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் வீட்டுப் பிள்ளை வைத்தியமோ நர்ஸ் படிப்போ படித்தால் அவரிடமே கேளுங்கள்: வாரத்தில் எத்தனை மணி அங்கே போகிறாய்? கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது? அதிகாரிகள் பார்வையிட வரும் அன்று மட்டும் பொம்மையின் தூசியைத் தட்டுகிறார்களா? பொம்மையின் கையில் எத்தனை முறை ஊசி ஏற்றிய பிறகு மனிதக் கையைத் தொட விட்டார்கள்?

நீங்கள் ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தாலும் ஒரு கேள்வி கேட்கலாம். "ஐயா, தாங்கள் இதை இதற்கு முன் எத்தனை தடவை செய்திருக்கிறீர்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். முதல் தடவை என்று சொன்னால், பக்கத்தில் மூத்தவர் நிற்கட்டும் என்று சொல்லுங்கள். சம்மதமானால் கையை நீட்டுங்கள். இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தர்ம ஆஸ்பத்திரி என்பதனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை போய்விடுவதில்லை. அங்கே செலவாகிற பணம் நீங்கள் துணிமணிக்குக் கொடுத்த வரிப்பணந்தான்.